சயோகோவின் தவிட்டுப் பானை

சயோகோ இறந்து, கிளற ஆளில்லாமல் நாற்பது நாள்களாகியும் அவளுடைய தவிட்டுப் பானை கெடவில்லை. மழைக்கால ஈரத்தில், அடுக்களைத் தொட்டியின் கீழிருந்த அதன் மூடியைத் திறந்த முராசே திகைத்தார். காய்களை ஊறப்போட உப்புநீரில் பிசைந்த அரிசித்தவிடு பூசணம் பிடிக்காமல், மனைவி கிளறி முடித்துத் தட்டிவைப்பதுபோலவே சமனாக இருந்தது. மேலே நான்கு விரல்களின் தடம். சுண்டுவிரல், அவளுடையதைப்போல், உள்நோக்கி வளைந்திருந்தது. அவர் அந்தப் பானையைத் தொட்டதே இல்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை.

அஞ்சியிருக்க வேண்டும். ஆனால் அவர் கவலையெல்லாம் ஆடிக்கொண்டிருந்த முன்பல்லைப் பற்றியது. ஈறுநோய்க்கு ஏற்கெனவே ஆறு பற்களைப் பறிகொடுத்தாயிற்று. மூன்று வேளையும் தவறாமல் துலக்கிய மனிதருக்கு இப்படியோர் அநீதி! வெள்ளிக்கிழமை இதையும் பிடுங்கப்போவதாகச் சொன்ன பல் மருத்துவர் இவகிரி, பல்லைக் காப்பாற்றும்படி முராசே கெஞ்சிய பிறகே, நல்ல பாக்டீரியா அடங்கிய மாத்திரைகளைக் கொடுத்தார்.

"கெட்ட கிருமிக்கு இடம் விடாம இது உக்காந்துக்கும், அவ்வளவுதான் சார். கரைஞ்ச எலும்பை வளர்க்காது."

"இன்னும் வீரியமா ஏதாவது இல்லையா டாக்டர்?"

"உங்க வீட்டுத் தவிட்டுப் பானையில இருக்கிறதும் இதுக்குத் தூரத்துச் சொந்தம்தான். அதுக்காக அதை வாரி வாயில அப்பிக்காதீங்க!"

அப்பிக்கொண்டார்.

நாள்தோறும் கிளறுபவளின் கையிலுள்ள நுண்ணுயிர்கள் தவிட்டிலேயே குடியேறும் என்பது அவர்கள் ஊரான கொகுராவின் வீடுகளில் உள்ள நம்பிக்கை. முப்பத்தோராண்டுகள் கிளறிய கை தம்மைக் கைவிடாதென எண்ணி, புளிப்பும் மிளகாயும் கடற்பாசியும் கலந்த நெடி தொண்டைவரை இறங்க, ஈறெங்கும் தேய்த்தார். "பல்லெல்லாம் போச்சுன்னா நான் மென்னு தர மாட்டேங்க, இப்பவே சொல்லிட்டேன்" என்று வெள்ளரி ஊறுகாயை நறுக்கியபடி அவள் சீண்டியது நினைவுக்கு வந்தது.

மறுநாள் ஈறில் கசிந்த குருதி நின்றது. புதனன்று பல் ஆடவில்லை. அழுதேவிட்டார். மாலையில் இன்னும் ஆழமாகக் கைவிட்டு அள்ளினார். தவிடு, கைக்குள் வைத்த கைபோல், வெதுவெதுப்பாக இருந்தது.

வியாழன் காலை. குளியலறைக் கண்ணாடி. ஈறு தடித்து, பற்கள் பாதிவரை புதைந்திருந்தன. தாடைக்குள் ஏதோ அசைந்தது. அடியிலிருந்து மேலே. மேலிருந்து அடிக்கு. சயோகோ கிளறும் முறை அது.

மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"டாக்டர், இன்னைக்கே பிடுங்கிடுங்க! எல்லாத்தையும்!"

"என்ன சார், திங்கட்கிழமைதான் ஒரு பல்லுக்கு அவ்வளவு கெஞ்சினீங்க?"

நாக்கு தடித்தது. கனத்தது. புளித்தது.

தப்.

அடுக்களையிலிருந்து அல்ல. வாய்க்குள்ளிருந்து.

தப். தப்.

"சார்? கேக்குதா? எந்தப் பல்லு சார்?"

கண்ணாடி முன் வாயைத் திறந்தார். ஒரு பல்லும் தெரியவில்லை. வழுவழுப்பான ஈறு. சமனாக. அதன்மேல் நான்கு விரல்களின் தடம். சுண்டுவிரல் வளைந்திருந்தது.

கத்த முயன்றார். அவருடைய உதடுகள், பானை மூடியைப்போல், மெல்லப் பொருந்தின.