ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள்

சனிக்கிழமை காலை மணி 10.10. தங்கையின் செல்பேசிக்கு வங்கியிலிருந்து இரண்டே வரி வந்தது. கிரெடிட் கார்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம், அண்மையில் அளவுக்கு மீறிய விண்ணப்பங்கள்.

10.40க்கு அக்கா வந்து சேர்ந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துபவள். எதையும் உற்றுப் பார்க்கும் குணத்தால் குடும்பத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கேலிப் பெயர்தான், ஆனாலும் அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

தங்கை பிசியோதெரபிஸ்ட். பத்து வருடம் பிறரிடம் உழைத்துவிட்டு, இப்போதுதான் சொந்தமாக ஒரு அறை பிடித்திருந்தாள். சிகிச்சைக் கட்டிலைத் தவணையில் தரக் கடைக்காரர் சம்மதித்தார், ஆனால் கார்டு வேண்டும். மதியம் ஒரு மணிக்குள் பணம் போகாவிட்டால் கட்டில் வேறு ஆளுக்கு. ஒருவரிடமும் கைநீட்டிக் கடன் வாங்காதவளுக்கு ஏன் இந்த மறுப்பு?

"நான் போட்டது ஒரே ஒரு அப்ளிகேஷன்க்கா. இவன்தான் என் பேர்ல ஏதோ பண்ணியிருக்கான்."

இவன் என்றால் கொழுந்தன். ஆறு வருடத்துக்கு முன் கார்டு பாக்கியைக் கட்டாமல் விட்டு, வசூல்காரர்களை வாசல்வரை வரவழைத்த புண்ணியவான். உள்ளறையில் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தான். சந்தேகப்படும் வீட்டில் ஒரு நாளும் இருக்க மாட்டானாம்.

தங்கை கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, அக்காவுக்கோ உற்சாகம் தாங்கவில்லை. புதிர் என்று வந்துவிட்டால் அவளுக்குப் பசிகூட எடுக்காது. தங்கையின் மாமனார் புத்தம்புது ஃபிளாஸ்கிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தபடி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் சக்கரம் வைத்த புதுப் பெட்டி. அதன்மேல் உறை பிரிக்காத குடை. ஒரே சுவரில் இரண்டு கடிகாரங்கள்.

மடிக்கணினியில் தங்கையின் கடன் அறிக்கையை இறக்கினார்கள். கடைசிப் பக்கத்தில் இரண்டு மாதத்துக்குள் வேறு ஐந்து வங்கிகள் அவள் கடன் வரலாற்றைத் துருவியிருந்தன. அக்கா தேதிகளை நாட்காட்டியோடு ஒத்துப் பார்த்தாள். ஐந்தும் ஞாயிற்றுக்கிழமை. நேராகக் கொழுந்தனிடம் போனாள்.

"ஞாயித்துக்கிழமைல எங்க இருப்ப?"

"டூட்டி. ஏர்போர்ட்ல பெட்டி ஏத்துற இடம். காலைல ஆறுலேர்ந்து சாயங்காலம் ஆறு."

"போன்?"

"வாசல்லயே வாங்கி வெச்சுடுவாங்க."

11.25. அழைப்பு மணி அடித்தது. தங்கை பெயருக்குக் கூரியர். அவள் குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மாமனார் சாவகாசமாகப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாளில் இருந்தது தங்கையின் கையெழுத்து. ஒரு சுழிகூடப் பிசகவில்லை.

"மாமா, ஞாயித்துக்கிழமை எங்க வாக்கிங் போறீங்க?"

"அந்தப் பெரிய ஷாப்பிங் மாலுக்கும்மா. ஏசி இருக்கு, நாய் இல்ல."

"அங்க ஃபாரம் ஏதாவது பூர்த்தி பண்ணினீங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. "பரிசுத் திட்டம்மா. மாசச் சம்பளக்காரங்க பேர்ல எழுதணும்னாங்க. நான் மருமக பேர்ல எழுதினேன். அஞ்சு கடை, அஞ்சுலயும் பரிசு."

"அப்புறம் தபால் எதுவும் வரலியா?"

"பேங்க் விளம்பரம் நாலஞ்சு வந்துது. கிழிச்சுப் போட்டுட்டேன்."

அக்கா எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தாள். ஆளைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவள் குரல் உயர்ந்தது.

"அஞ்சு அப்ளிகேஷனும் போட்டது மாமாதான். இந்த ஃபிளாஸ்க், பெட்டி, குடை, ரெண்டு கடிகாரம் எல்லாமே கார்டு விக்கிறவங்க குடுத்த இனாம். அடையாள அட்டை நகல்லாம் மாமா ஃபைல்லதானே இருக்கு. ஒவ்வொரு பேங்க்கும் பார்த்துட்டுப் போனது அறிக்கைல பதிஞ்சிருக்கு. ரெண்டு மாசத்துல அஞ்சு தடவைன்னா, இவ பணத்துக்குத் தவிக்கிறான்னு ஆறாவது பேங்க் பயப்படும். கடனே இல்லாதவளுக்கும் அதான் கதி."

வீட்டில் மற்ற எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். வருடக்கணக்கில் கூரியருக்கும் கேஸ் சிலிண்டருக்கும் அவரவர் கையெழுத்தை மாமனாரே போட்டுப் பழகிவிட்டார். அதில் தப்பிருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

"அவ கிளினிக்ல வைக்கலாம்னுதாம்மா சேர்த்தேன்," என்றார்.

இனி என்ன செய்வது என்று அக்காவே சொன்னாள். ஐந்து வங்கிக்கும் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும், ஆறு மாதம் புதிதாக எங்கும் விண்ணப்பிக்கக் கூடாது. ஆனால் மணி 12.35. கட்டில் ஆறு மாதம் காத்திருக்காது.

தங்கை கொழுந்தன் பக்கம் திரும்பினாள். அவமானத்தில் அவள் முகம் சுருங்கியிருந்தது. "தப்பாப் பேசிட்டேன்டா. மன்னிச்சிடு."

அவன் கட்டிய பையை அவிழ்த்துப் பர்ஸை எடுத்தான். அதிலிருந்து ஒரு கார்டை உருவி மேஜைமேல் வைத்தான்.

"பழைய பாக்கியெல்லாம் ரெண்டு வருஷம் முன்னாடியே கட்டி முடிச்சுட்டேன் அண்ணி. போன மாசம் பேங்க்ல இதைக் குடுத்தாங்க. நீங்க யாரும் நம்பமாட்டீங்கன்னு சொல்லல. கடைக்காரர் நம்பர் என்ன?"

தங்கை கட்டில் கடையின் விலைச்சீட்டை எடுத்து நீட்டினாள். அக்காதான் எண்ணை வாசித்தாள்.