மூட்டை சாக வேண்டும்

வெள்ளிக்கிழமை மாலைச் செபம் முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் நாங்கள் கூடுவோம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு தொடுதிரைக் கைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு ஆண்களைத் திட்டத் தொடங்குவோம். மக்ரூன் தட்டு கைமாறிக்கொண்டே இருக்கும். "இவன் வந்தாலே கொட்டாவி வருகிறது." "இவனுக்கு இன்னுமா சாவு வரவில்லை?" "இவன் ஒழிந்தால்தான் கதை பிழைக்கும்." இணையத்து ரசிகர் மன்றங்களில் பத்துப் பெயரில் பத்து விதமாக எழுதுவோம். தின்பண்டம் கொறித்துக்கொண்டே புருஷனுக்குச் சாவு கேட்ட பெண்கள் வேறு எந்தக் காலத்திலும் இருந்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

சகாயமேரிதான் அதிர்ஷ்டக்காரி. அவள் புருஷனுக்கு வில்லன் வேடம் வாய்த்தது. இரண்டே வருடத்தில் மலையுச்சியிலிருந்து உருட்டிவிட்டார்கள். அன்று மண்டபம் முழுக்க லட்டு கொடுத்தாள். நானும் வாங்கித் தின்றேன். வயிறு எரிந்தது.

என் கணவர் இன்னாசி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். தொடர்ந்து இரண்டு ஷிப்டு பார்த்த ஒரு விடியலில் கண் அசந்துவிட்டார். கீழே நின்ற இரண்டு பேர் செத்துப்போனார்கள். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. தண்டனையே கூடாது என்று நான் ஒருநாளும் வாதாடியதில்லை. ஆனால் அந்த வருடங்களில்தான் சிறைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். எந்திரம் உண்டாக்கிய பாத்திரங்களோடு பேசிப் பேசிக் கணினி விளையாட்டு ரசிகர்களுக்கு அலுத்துவிட்டிருந்தது. எதைக் கேட்டாலும் அளந்து வைத்த பதில். உள்ளே உயிருள்ள மூளை ஒன்று இருந்தால் பாத்திரம் பயப்படுகிறது, கோபிக்கிறது, சொதப்புகிறது. அந்த மூளையைக் கைதி தரட்டும் என்று சட்டம் போட்டார்கள்.

உடம்பு உப்பளத்துக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கட்டடத்தில் படுத்திருக்கும். மனம் ஏதாவதொரு கதைக்குள் நடமாடும். பாத்திரம் உயிரோடு இருக்கும் வரை தண்டனை. கதையில் செத்தால் விடுதலை. சாவதா வாழ்வதா என்பதை ரசிகர்கள் வாக்களித்து முடிவு செய்வார்கள். இதற்குப் பெயர் கதைக்காவல்.

எங்கள் வக்கீல் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். வேடங்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒன்றைக் காட்டினார்.

"நாயகன் வேசம் பக்கமே போகாதீங்க, அவன சாக விடமாட்டானுவ. இந்தா, 'ஏழாம் கலங்கரை'ன்னு ஒண்ணு. பழைய காமிக்ஸ். அப்பமே ஒருத்தனும் வாங்கல, கடலக்காரன்தான் பொட்டலம் மடிச்சான். அத இப்பம் விளையாட்டா எடுக்கானுவ. அதுல கேப்டன் புயல்வண்ணனுக்கு மூட்டை தூக்குற ஆளு ஒருத்தன். கோமாளி. மூணாவது அத்தியாயம் தாண்ட மாட்டான். ஆறே மாசம், வெளிய வந்துரலாம்."

நாங்கள் கையெழுத்துப் போட்டோம். பிரிஸ்காவுக்கு அப்போது இரண்டு வயது. "பாப்பா பேசப் பழகுறதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வக்கீல் சொன்னபடியே விளையாட்டு விழுந்தது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். புதிர்கள் கடினம், கதை ஆமை வேகம், கேப்டன் மரக்கட்டை என்றார்கள். நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அங்கேதான் விதி சிரித்தது. புதிரை அவிழ்க்க முடியாமல் தீவில் மாட்டிக்கொண்ட நாலைந்து பேர், போக வழியின்றி, மூட்டைக்காரனோடு பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். கயிறு வேண்டுமென்று கேட்டால் மூட்டையைப் பிரித்துக்கொண்டே, "எடுத்தா எடுத்த எடத்துல வைக்கணும் கேப்டன், ஒங்க அம்மை சொல்லித் தரலியா?" என்று கேட்டானாம். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு நண்பர்களைக் கூட்டி வந்தார்கள். அது என் அடுப்படியில் நின்று என்னை அவர் கேட்ட கேள்வி.

ஐந்து வருடத்தில் அந்த வாக்கியம் ஆட்டோவின் முதுகில் வந்தது. பிறகு பனியனில், கல்யாணப் பத்திரிகையில், சட்டசபையில். கடலைப் பொட்டலமான பழைய காமிக்ஸை ஏலத்தில் எடுக்க ஆள் பறந்தது. மூட்டைக்காரனுக்கு மூட்டை என்றே பெயர் நிலைத்தது; பெரிய மீசையும் தொப்பையுமாக வரைந்த அவன் முகத்தைப் பையன்கள் கையில் பச்சை குத்திக்கொண்டார்கள். என் புருஷன் ஒல்லி, மீசையே வைத்ததில்லை.

நான் ஒருமுறைகூட காட்சிக்கவசத்தைத் தலையில் மாட்டி விளையாட்டுக்குள் போகவில்லை. உள்ளே போகிற எல்லாரும் அவருக்குக் கேப்டன்தான். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார் என்று தெரிந்த பிறகு, அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. பிரிஸ்கா போனாள். ஆறு வயதிலிருந்து தினமும் சாயங்காலம் போனாள். "எனக்குக் காய்ச்சல்னு நான் சொல்லவே இல்லம்மா. 'குரல் சரியில்லையே கேப்டன், போய்ப் படுங்க'ன்னு மூட்டை சொல்லுதாரு" என்பாள். பெருக்கல் வாய்ப்பாடு அவனிடம் படித்தாள். பள்ளிக்கூடத்தில் அடிவாங்கியதை அவனிடம்தான் முதலில் சொன்னாள். நானோ மண்டபத்தில் உட்கார்ந்து அவன் சாவுக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

பதினைந்து வருடம் திட்டியும் மூட்டை சாகவில்லை. எங்கள் வசவைப் படித்துவிட்டு ரசிகர்கள் அவனுக்காக வரிந்து கட்டினார்கள். வைய வைய வைரக்கல் என்பார்களே, அப்படி அவன் ஒளி ஏறியதுதான் மிச்சம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் வெறுக்கிறோம் என்பதற்காக இவர்கள் அவனைக் கொல்ல மாட்டார்கள். அழத் தோதாக ஒரு சாவைக் காட்டினால், நேசிக்கிறவனைக் கொல்வார்கள்.

ஆகவே முதல்முறையாக அவனைப் புகழ்ந்து எழுதினேன். ரசிகர்கள் எழுதும் காட்சிகளையும் விளையாட்டு நிறுவனம் வாக்கெடுப்புக்கு வைக்கும்; புதுப் பெயர் வைத்துக்கொண்டு நானும் ஒன்றை அனுப்பினேன். கலங்கரை எரிகிறது. மூட்டையில் இருக்கும் பொருளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேப்டனிடம் எடுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் சாக்கோடு அவன் கதவைத் தாங்கி நிற்கிறான். கேப்டன் கடலில் குதிக்கும் நேரத்தில் உள்ளேயிருந்து கத்துகிறான்: "அடுப்புல பால் வச்சிருக்கேன் கேப்டன், பாத்துக்கிடுங்க!" அவ்வளவுதான். எழுதி முடித்துவிட்டு நானே அழுதேன். என்ன எழவு, எனக்கு எழுத வருகிறதே என்று சந்தோஷமும் வந்தது.

நாடே அழுதது. அழுதுகொண்டே வாக்களித்தது.

வெள்ளைக் கட்டடத்தில் அவர் கண் விழித்தபோது நானும் பிரிஸ்காவும் பக்கத்தில் நின்றோம். வேடத்தின் நினைவு வேடத்தோடே தங்கிவிடும்; கைதிக்கு அது ஒரு ராத்தூக்கம். என் நரைமுடியை வெகுநேரம் பார்த்தார்.

"ஆறு மாசம் ஆயிட்டா?" என்றார். பிறகு என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "பாப்பா எங்க? தூங்குதாளா?"

பதினெட்டு வயதுப் பெண் அவருக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தும் அது சரியாகவில்லை. புத்திக்கு எல்லாம் விளங்கியது; கணக்கும் போட்டுப் பார்த்தார். ஆனாலும் பிரிஸ்கா அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார், "நீங்க உக்காருங்க" என்பார். அவளும் ஒதுங்கினாள். எரிந்த கலங்கரையைப் பற்றி, சுறாக்குகையில் தொலைந்துபோன நாளைப் பற்றி, ஆரம்பத்தில் ஓரிரு முறை கேட்டுப் பார்த்தாள். அவர் மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தார். அவர் இரண்டு வயதுப் பிள்ளையைத் தேடினார், இவள் மீசைக்காரனைத் தேடினாள். நான் இரண்டு பேருக்கும் சோறு போட்டேன்.

தெருமுனையில் மூட்டைக்குக் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டியிருந்தது. பால் வாங்கப் போனவர் அதன் முன்னால் நின்று முழுக்கப் படித்துவிட்டு வந்தார். "யாருளா அது? ஊரே கும்பிடுது" என்று கேட்டார். அதுதான் நீங்கள் என்று சொன்னேன். திரும்பவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

நான் காமிக்ஸ் படித்து வளர்ந்தவள் அல்ல. படித்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும்: அதில் செத்தவன் செத்தே கிடந்ததாகச் சரித்திரமில்லை. நாலாம் மாதம் ரசிகர்கள் மூட்டையைத் திரும்பக் கேட்டுக் கிளம்பினார்கள். மனுவில் கையெழுத்து லட்சத்தைத் தாண்டி, கோடியைத் தாண்டியது. பாத்திரம் உயிர்த்தால் தண்டனையும் உயிர்க்கும் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. தப்பிக்க ஒரே வழி, கைதியும் வயதுவந்த குடும்பத்தாரும் அலுவலர் முன்னால் ஒருமனதாக மறுக்க வேண்டும். ஒருவர் மறுக்காவிட்டாலும் போச்சு.

பிரிஸ்காவிடம் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள்.

"அந்தக் காட்சிய எழுதினது நீதானம்மா?"

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

"அடுப்புல பால் வச்சிருக்கேன், பாத்துக்கிடுன்னு தெனமும் என்கிட்ட சொல்லிட்டுத்தான நீ கடைக்குப் போவ? அந்த வசனம் வந்ததும் எனக்குத் தெரிஞ்சிட்டு. எல்லாரும் அழுதாங்க. நான் அழக்கூட இல்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒனக்கு ஒரு ஆள் திரும்பக் கெடச்சாரு. எனக்கு ஒரு ஆள் செத்துப்போனாரு. அத நெனச்சுப் பாத்தியா நீ?"

"அவரும் இவரும் ஒரே ஆளுதாம்டி."

"இவருக்கு என்னைத் தெரியாதும்மா."

நாங்கள் பேசியதை அவர் அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறார். மறுநாள் மாலை நான் கோயிலிலிருந்து திரும்பியபோது இருவரும் முற்றத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். "அந்த மூட்டை ஒங்ககிட்ட என்ன பேசுவான்?" என்று அவர்தான் ஆரம்பித்து வைத்தாராம். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சுறாக்குகையில் வழி தெரியாமல் நின்றபோது மூட்டை கேப்டனைத் தோளில் ஏற்றிக்கொண்டது, குரங்குகளிடம் ஓலைத்தொப்பியைப் பறிகொடுத்துவிட்டுப் பஞ்சாயத்து வைத்தது, பரீட்சையில் தோற்ற அன்று விடிய விடிய அவளோடு கரையில் உட்கார்ந்திருந்தது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "பொறவு? பொறவு என்ன செஞ்சான்?" என்று அவசரப்படுத்தினார். குரங்குக் கதையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வந்ததிலிருந்து அவர் மனம் விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிரிஸ்கா பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சிரிப்பையே பார்த்தாள். அவள் முகம் மாறியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அலுவலர் வந்தார். மங்கையர்க்கரசி என்று பெயர், தன்மையான பெண். ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தார்.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க. மறுக்கிறீங்களா, இல்லையான்னு மட்டும் சொன்னா போதும். அம்மா, நீங்க?"

"மறுக்கேன்" என்றேன். குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

பிரிஸ்கா பக்கம் திரும்பினார். அவள் தகப்பனை ஒருதரம் பார்த்தாள்.

"மறுக்கேன்."

மாதாவே என்று சுவரில் சாய்ந்துகொண்டேன். பாதிக் கிணறு இல்லை, முழுக் கிணறும் தாண்டியாகிவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"ஐயா, நீங்க?"

அவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். "அம்மா, ஒண்ணு கேக்கட்டா? அவன் வரணும்னா நான்தான் போணுமோ? வேற ஆள வச்சு முடியாதோ?"

"முடியாதுங்க. வேற மூளைன்னா வேற ஆளாயிடும். ரசிகர்கள் ஒத்துக்க மாட்டாங்க."

"அப்பம் நான் மறுக்கல."

"என்ன சொல்லுதிய?" என்று நான் பாய்ந்தேன். "புத்தி கெட்டுப் போச்சா? அவதான் மறுத்துட்டாள்ளா!"

"எனக்காவ மறுத்துட்டா. நல்ல பிள்ள." அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. நல்ல செய்தி சொல்கிறவர் போலிருந்தார். "அவன் சாவக்கூடாது ஜெனோவா. பிள்ளையத் தோள்ல தூக்கிருக்கான், பாடம் சொல்லிக் கொடுத்துருக்கான், ராத்திரி முழிச்சிருக்கான். நான் என்ன செஞ்சேன்? நேத்து அவ சொல்லச் சொல்ல எனக்கே அவனப் புடிச்சுப் போச்சு. அவன் மறுபடி வரணும்."

ஊரெல்லாம் மூட்டைக்கு ரசிகர்களாகியிருந்தார்கள். மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான்.

அலுவலர் கருவியை அணைத்து எடுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் வண்டி காத்திருந்தது. என் கணவர் மாற்றுத்துணிகூட எடுக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

"அப்பா!" என்று பிரிஸ்கா கத்தினாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "அப்பா, போவாதீங்க! அப்பா!"

அவர் நின்றார். திரும்பி, ரொம்பச் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"இந்தா போயி அவன அனுப்பி வைக்கேன்மா" என்றார்.