ரேடியேட்டர் குடித்த தண்ணீர்

ஒன்பதாவது பாட்டிலையும் குடித்துவிட்டு ரேடியேட்டர் இன்னும் வாயைத் திறந்துகொண்டே நின்றது. ஒவ்வொன்றும் லிட்டர் பாட்டில். அந்தக் கிழட்டு வண்டிக்கு மொத்தமே ஆறு லிட்டர்தான் பிடிக்கும். ரங்கேலுக்கு அது நன்றாகவே தெரியும். பதினெட்டு வருஷத்தில் பெண்டாட்டியைவிட அதிகம் அவனைச் சுட்டது அந்த ரேடியேட்டர்தான்.

குனிந்து அடியில் பார்த்தான். ஆகஸ்ட் வெயிலில் ரொடோப்பி மலைச்சாலையின் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. வண்டிக்கடியில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஹோஸைத் தடவினான், காய்ந்து கிடந்தது. ஆயில் குச்சியை உருவினான், தண்ணீர் கலந்த பால் நிறம் இல்லை. போன வாரம் ஃபேனை மாற்றிய மெக்கானிக் ஸ்டோய்னோ மேல்தான் சந்தேகம் போயிற்று. அவன் சந்தேகத்துக்கு வேறு போக்கிடம் கிடையாது.

பின்சீட்டில் அம்மா பென்கா. இரண்டு மணிக்குக் கீழே நகரத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு டயாலிசிஸ். போன முறை இதே வண்டியால் தவறிப்போனது. இன்னொரு முறை தவறினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் ரங்கேலைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

அவன் பாட்டில் பிடித்த சாலையோரக் குழாய், செத்துப்போன ஒரு பையனுக்காகப் பெற்றவர்கள் கட்டியது. கல்லில் அந்தப் பையனின் படம். தண்ணீர் எடுக்கிற யாரும் “கடவுள் மன்னிப்பாராக” என்று சொல்லித்தான் எடுப்பார்கள். சொன்னால்தான் அந்தத் தண்ணீர் செத்த பையனுக்குப் போய்ச் சேரும்.

“சொன்னியாடா?” ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கினாள் அம்மா.

“குடிக்கறது நான் இல்லம்மா, வண்டி. வண்டியே சொல்லிக்கட்டும்.”

“உங்கப்பனுக்கும் இதே வாய். மனுஷன் செத்து மூணு நாள் கழிச்சுத்தான் அவரோட வாய் செத்துது.”

பதினொன்றாவது பாட்டிலில் நிரம்பியது. கிளம்பினான்.

எஞ்சின் சூட்டை வெளியே இழுக்க ஹீட்டரை முழுசாகத் திருகிவைத்தான், முழங்கால் வெந்தது. ஜன்னலை இறக்க வழியில்லை. குறுக்குக் காற்று பட்டால் காது போய்விடும் என்பது அம்மாவின் கட்சி. கிட்னி இரண்டும் போனபிறகும் காதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வளைவில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் இறங்கியது. நல்லது என்று நினைத்தான். பாதிக்குக் கீழே போயிற்று. கால்வாசி. அதற்கும் கீழே, எஞ்சின் ஓடும்போது அது இறங்கக்கூடாத இடத்துக்கு. தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டதோ? ஆனால் ஹீட்டர் துளையிலிருந்து வந்தது இளஞ்சூடுகூட இல்லை. குளிர். பாசி பிடித்த கல்லின் வாசனை, அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை.

“அப்பாடா! ஒருவழியா ஏசிய சரி பண்ணிட்டியே. எவ்ளோ சுகமா இருக்கு!”

ஏசியின் கம்ப்ரஸரை இரண்டு வருஷம் முன்னால் அவனே கழற்றி விற்றிருந்தான்.

“அம்மா, வண்டியில ஏசியே கிடையாது.”

“இருக்கட்டுமே. உடம்பு வலியெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.”

ஹீட்டரை அணைத்தான். காற்று நிற்கவில்லை. ஓரம் கட்டினான். சாவியைத் திருகி உருவினான். எஞ்சின் நின்றது.

காற்று நிற்கவில்லை.

கதவைத் தள்ளினான். அசையவில்லை. குளிரில் பல் கிட்டியது.

“கடவுள் மன்னிப்பாராக,” என்றான். மறுபடியும் சொன்னான். மறுபடியும்.

ஒவ்வொரு சொல்லோடும் அவன் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. பக்கத்து சீட்டைப் பார்த்தான். காலி. அங்கே, ஒரு முகம் இருக்கவேண்டிய உயரத்தில், இன்னொரு ஆவி. எழுந்தது. கரைந்தது. எழுந்தது. நிதானமாக.

கண்ணாடியில் அம்மா சிரித்தாள்.

“ஏன்டா நிறுத்திட்ட? நேரமாகுதுல்ல,” என்றாள். பேசிக்கொண்டே இருந்தாள்.

அவள் வாயிலிருந்து ஆவி வரவில்லை.