நாற்பத்தோராம் செல்

மாலை மூன்று மணிக்குச் சோதனை அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். மேசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, கம்பெனியை நடத்தும் அத்தான். அவருக்கு வலப்பக்கம், ஏசிக் காற்று நேராக விழும் இடத்தில், விற்பனைக்காரர். அலமாரியை ஒட்டிய முக்காலியில் அத்தானின் மைத்துனன், செல்களின் பரிசோதகன். எதற்கும் அவசரப்படாததால் எல்லோருக்கும் அவன் ‘பொறுமை’. நடுவில், அவன் கையெழுத்துக்காகக் காத்திருந்த கடிதம். அது பறக்காதிருக்க மேலே ஒரு பேட்டரி செல், நாற்பத்தொன்றாம் எண். மூன்று வாரமாக எந்த ஒயரிலும் மாட்டாதது.

அது டிக் என்றது.

மற்ற இருவரும் நிமிரவில்லை.

இந்தச் செல்களைப் போட்டால் பத்து நிமிடத்தில் காருக்கு முழுச் சார்ஜ் ஏறும், ஆபத்தில்லை என்றது கடிதம். மின்சாரத்தை அவசரமாகத் திணித்தால் லித்தியம் உள்ளே போய் உட்கார நேரமில்லாமல் வெளியிலேயே படிந்து, ஊசி ஊசியாக வளர்ந்து, நடுவிலுள்ள மெல்லிய தாளைக் குத்திவிடும், அப்புறம் தீதான். சார்ஜ் ஏற்றியபின் ஒரு மணி நேரம் ஓய்வில் வைத்தால்தான் அது வீக்கமாக வெளியே தெரியும். அந்த ஒரு மணியைத்தான் அத்தான் வெட்டச் சொன்னார், இவனும் வெட்டினான். சுடச்சுட அளந்தவை அத்தனையும் தேறின. அன்றிலிருந்து அவன் விரல்நுனிகள் மரத்துக் கிடந்தன.

இன்னொரு தடவை ஓய்வில் வைத்து அளக்கலாமே என்று முனகிப் பார்த்தான். பல் தேய்க்கக்கூட இவர் பிரஷ்ஷுக்கு ஓய்வு கொடுப்பார் போல என்று விற்பனைக்காரர் சிரித்தார்.

“உங்க அக்காவையே நம்ம செல் போட்ட வண்டிய ஓட்ட விட்டிருக்கேன்,” என்றார் அத்தான். “இதுக்கு மேல என்னப்பா நம்பிக்கை வேணும்?”

பொறுமை கையெழுத்துப் போட்டான். இருவரும் டீ குடிக்க எழுந்து போனார்கள்.

ஜன்னலுக்கு வெளியே அக்கா வண்டியைச் சார்ஜரில் மாட்டினாள். சார்ஜரின் ரீங்காரம் கண்ணாடி வழியாகக் கசிந்து, தரையில் இறங்கி, முக்காலிக் கால்களில் ஏறி, அவன் பல்லிடுக்கு வரை வந்தது. கூடவே, செல் கசிந்தால் வரும், நகப்பூச்சு போன்ற ஓர் இனிப்பு வாடை. அந்த வண்டியில் இருப்பதும் இதே தொகுப்புச் செல்கள்தான். நாற்பத்தொன்றை, தடிமன் காட்டும் அளவுமானியில் பொருத்தினான். எட்டு மில்லிமீட்டர். சரியான அளவு.

டிக். எட்டரை.

வெளியே ரீங்காரம் ஏற ஏற, முள்ளும் ஏறியது. பத்தைத் தொட்ட செல் எதுவும் இந்த அறையில் முழுசாக மிஞ்சியதில்லை.

ரீங்காரம் நின்றது. முள் நிற்கவில்லை.

கடிதத்தை உறையில் போட்டு, ஓரத்தை எச்சில் தொட்டு ஒட்டினான். நாக்கும் மரத்திருந்தது.

“என்னடா, கார்கூட சார்ஜ் ஆயிடுச்சு, நீ இன்னும் கவரே ஒட்டி முடிக்கலையா?” அக்கா வாசலில் நின்று கை நீட்டினாள். “குடு, தபால்ல போட்டுட்டு அப்படியே வீட்டுக்குப் போறேன்.”

“அக்கா.”

“சொல்லு.”

ஒன்பது.

“ஒண்ணுமில்ல. பார்த்துப் போ.”

கார்க் கதவு சாத்தும் சத்தம். ஒன்பதரை. வண்டி கேட்டைத் தாண்டியது. டிக். டிக். தெருமுனை. திரும்பியது. கடிதம் போய்விட்டது.

செல்லின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

தோல் கருகும் வாடை.

சூடு தெரியவில்லை.

முள் பத்தைத் தொட்டது.