அந்நிய மின்சாரம்

இரவு தொடங்கி இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. முகிலூரில் எல்லோரும் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக் கோளின் மேகங்களுக்குள் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கிற ஊர் அது. காற்று அதைத் தள்ளிக்கொண்டே போய் நான்கு நாளில் கோளை ஒரு சுற்று சுற்றிவிடும். ஆகவே இரண்டு நாள் பகல், இரண்டு நாள் இரவு. இருட்டில் பல் தேய்ப்பதும் வெயிலில் தூங்குவதும் அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அதிசயமே இல்லை. அவர்களுக்கு அதிசயம் நட்சத்திரம்தான். மஞ்சள் மேகத்துக்கு மேல் மஞ்சள் மேகம் என்று அடுக்கி வைத்த ஊரில் அதை எங்கே போய்ப் பார்ப்பது?

பத்தொன்பது ஆண்டுக்கு ஒருமுறை மேகம் விலகும். அதற்குக் கண்திறப்பு என்று பெயர். இந்த முறை அது சரியாக நான்கு நிமிடம் பத்து வினாடி நீடிக்கும் என்று வானிலை இயந்திரம் சொல்லிவிட்டது. அதுவும் பூமி மிக அருகே வந்து நிற்கிற வாரத்தில். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

தவமலர் காப்பியைத் தொடவில்லை. அவள் மடியில் நீல வெல்வெட் துணியில் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. நித்திலம் நிறுவனத்தின் அசல் மின்கலம், தொலைவில் இருப்பதைப் படம் பிடிக்கிற அவளுடைய கருவிக்கு. பூமியிலிருந்து சரக்குக் கப்பலில் வந்தது. அதற்காக ஐந்து மாதக் குளியல் நீரை விட்டுக்கொடுத்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருந்தாள்.

"ஒரு தடவை போட்டுப் பார்த்திரேன் தவம்," என்றான் பேச்சிமுத்து. அவள் கணவன், ஊரைத் தூக்கிப் பிடித்திருக்கும் காற்றுப் பைகளுக்கு ஒட்டுப்போடுகிறவன். ஒரு கால் ஒடிந்து நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

"நல்ல பொருளை இப்பவே எடுத்து ஆளலாமா? சார்ஜ் வீணாப் போகும். அந்த நேரத்துக்குப் போட்டாப் போதும்."

இத்தனைக்கும் காரணம், பதினோரு ஆண்டுக்கு முன் தென்காசியில் நடந்த ஒரு கல்யாணம். அக்கா செந்தாமரையின் மகள் பூமாரிக்கு. படம் எடுக்கிற பொறுப்பு தவமலருக்கு. கம்பெனி பேட்டரி எதற்கு, இதுவும் அதுவும் ஒன்றுதானே என்று கடைத்தெருவில் மலிவாக ஒன்றை வாங்கிப் போட்டாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், மேளம் கொட்டியது, பேட்டரி செத்தது. மூன்று முடிச்சில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. கல்யாண ஆல்பத்தில் அந்தப் பக்கத்தை அக்கா வெறுமையாகவே விட்டு வைத்தாள், வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் கேட்க வேண்டும் என்றே. அன்றைக்கு நின்ற பேச்சுதான். அதே ஆண்டு தவமலர் வெள்ளிக்குக் கப்பல் ஏறிய நாளிலும் அக்கா வழியனுப்ப வரவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் திடீரென்று அக்காவின் குரல் வந்தது.

"ஏட்டி தவம், கண்திறப்பு அன்னைக்கு உங்க ஊருக்குப் பூமி தெரியுமாமே, டிவியில சொன்னான். நாங்க எல்லாரும் மொட்டைமாடியில வந்து நிக்கோம். ஒரு குடும்பப் போட்டோ எடு. கம்பெனி பேட்டரி போட்டு எடு. இந்தத் தடவையும் மானத்த வாங்கினேன்னு வையி, பொறவு எனக்குத் தங்கச்சியே கெடையாது."

நான்கு கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்த்தால் தென்காசி என்ன, தேசமே தெரியாது. தவமலர் அதைச் சொல்லிவிடலாமா என்று கணவனைக் கேட்டாள்.

"உங்க அக்காவுக்கு அது தெரியாதுன்னா நினைக்கே? பேசுறதுக்கு ஒரு சாக்கு வேணும்லா," என்றான் அவன்.

அன்றே அசல் மின்கலத்துக்குச் சொல்லி அனுப்பினாள். அன்று முதல் அவளுக்குத் தூக்கம் போயிற்று. கருவியைப் பிடித்துப் பழக வேண்டும், அசலையும் தொடக்கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. கீழ்த்தளத்தில் ஜைனம்பு என்று ஒருத்தி, ஊரே அக்கா முறையில் லாத்தா என்று அழைக்கிறவள், பழைய இயந்திர மனிதர்களின் மின்கலங்களைப் பிரித்துச் சேர்த்துப் புதிதாகக் கட்டித் தருவாள். அவளிடம் ஒன்று வாங்கி, ஒரு வாரம் மேகத்தையே படம் எடுத்துப் பழகினாள் தவமலர். அது கொஞ்சம் ஊதும், கொஞ்சம் சுடும். ஆனால் ஒரு தடவைகூட நின்றதில்லை. பழகி முடித்ததும் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கண்ணாடிக் கூரையிட்ட மேல்தளத்தில் ஊரே கூடியிருந்தது. பேச்சிமுத்து பக்கத்தில் நின்றான். இந்தப் பக்கம் லாத்தா, தன் கருவியில் அதே ஊதின மின்கலத்தைப் போட்டு, சூடு தெரியாமலிருக்க ஈரத்துணி சுற்றி வைத்திருந்தாள். தென்காசியில் இப்போது நண்பகல். சூரியன், வெள்ளி, பூமி என்று மூன்றும் ஒரே கோட்டில் நின்றன; வெள்ளியின் இந்தப் பக்கத்துக்கு இரவு தருகிற அதே வரிசைதான் பூமிக்கு உச்சி வெயில் தந்துகொண்டிருந்தது.

மேகம் பால் திரிவதுபோல் மெல்லப் பிரிந்தது. தவமலர் வெல்வெட்டைப் பிரித்து, மின்கலத்தைச் செருகி, மூடியை அழுத்தினாள். அசல் மின்கலம் என்பது வெறும் மின்சாரம் இல்லை. அதற்குள் மிளகளவு மூளை ஒன்று உண்டு. அது மிகவும் மரியாதையாகப் பேசியது.

"வணக்கம். இந்தக் கருவியில் இதற்கு முன் அந்நிய மின்சாரம் பாய்ந்திருக்கிறது. உங்கள் பாதுகாப்பு கருதிக் கருவியைப் பூட்டியிருக்கிறேன். தலைமையகத்திடம் அனுமதி கேட்டிருக்கிறேன். காத்திருக்கவும்."

தலைமையகம் பூமியில் இருக்கிறது. கேள்வி போய்ச்சேர இரண்டு நிமிடம் இருபது வினாடி, பதில் திரும்பி வர இன்னும் அவ்வளவு. ஒளி யாருக்காகவும் வேகமாக ஓடாது. தவமலர் மூடியை இழுத்தாள், வரவில்லை. பேச்சிமுத்து வாங்கி இரண்டு தட்டு தட்டினான். "காத்திருக்கவும்," என்றது அது, கொஞ்சமும் கோபப்படாமல்.

"லாத்தா, போச்சு," என்றாள் தவமலர். சுற்றிலும் நானூறு பேர் குனிந்து தங்கள் தங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கத் திரை இல்லாதவர்கள் அவளும் பேச்சிமுத்துவும்தான். வேறு வழியில்லாமல் நிமிர்ந்தாள்.

முதலில் கறுப்புதான் தெரிந்தது. இவ்வளவு ஆழமான கறுப்பு ஒன்று உண்டென்பதையே பதினோரு ஆண்டில் மறந்திருந்தாள். பிறகு நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றின் நடுவே நீலமும் வெள்ளையுமாக ஒன்று, அசையாமல், அதன் பக்கத்தில் அரிசிக் குருணைபோல் நிலா. அந்த ஒளியில் அவள் கைகளுக்குத் தரையில் மெல்லிய நிழல்கூட விழுந்தது. அந்தப் புள்ளிக்குள் அக்கா இருக்கிறாள் என்று நினைத்தாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சுடுகிற தளத்தில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டு, இந்தப் பக்கமாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். மின்கலத்தின் கேள்வி அங்கே போய்க்கொண்டிருக்கிறது. அக்காவின் மேல் பட்ட வெயில் இங்கே வந்துகொண்டிருக்கிறது. வழியில் எங்கோ இரண்டும் ஒன்றையொன்று கடந்திருக்கும். தவமலருக்கு ஊருக்குப் போக வேண்டும் போலிருந்தது. அக்காவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. இங்கேயே நின்று அழுதாள்.

"எனக்குப் பொட்டுவெளிச்சமாத்தான் தெரியுது," என்றான் பேச்சிமுத்து, கீறல் விழுந்த கண்ணாடியைச் சட்டையில் துடைத்தபடி. அவன் துடைத்து முடிப்பதற்குள் மேகம் மூடிக்கொண்டது.

அரை நிமிடம் கழித்து மின்கலம் பேசியது. "அனுமதி கிடைத்தது. நித்திலத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. இனி நீங்கள் படம் எடுக்கலாம்."

தவமலர் அதை எறிந்துவிடுவாள் என்றுதான் லாத்தா நினைத்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதம்மா. நான் எடுத்தத அனுப்பிவிடுறேன், உங்க அக்காவுக்குக் குடுத்துரு. எல்லார் எடுத்ததும் ஒரே புள்ளிதானே, யார் பேட்டரின்னு அதுல எழுதியா இருக்கு?"

மறுத்துச் சொல்லத் தெம்பில்லை. லாத்தாவின் படத்தை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் தென்காசிக்கு அனுப்பிவிட்டுத் தவமலர் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் வரவேண்டிய பதில் வரவில்லை. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. இந்த உறவும் அந்தப் பேட்டரியோடு செத்தது என்று அவள் முடிவு செய்த நேரத்தில் அக்காவின் குரல் வந்தது.

"ஏட்டி, பாத்தியா? கம்பெனி பேட்டரின்னா கம்பெனி பேட்டரிதான். என்ன ஒரு தெளிவு! என் பச்சைப் பட்டு ஓரத்துல அப்படியே தெரியுது, அத்தானும் ஆமான்னு சொல்லுதாவ. பூமாரி நல்லா விழுந்திருக்கா. நான்தான் வெயிலுக்குக் கண்ண மூடிட்டேன். பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தேன், மூடித்தான் இருக்கு. போட்டும். கல்யாண ஆல்பத்துல அந்த வெறும் பக்கத்துல இதத்தான் ஒட்டப்போறேன். நாளைக்குப் பேசு, என்ன?"

தவமலர் அழுதுகொண்டே சிரித்தாள். "அக்கா, அது வந்து…" என்று பதில் பதியத் தொடங்கினாள். பேச்சிமுத்து சட்டென்று பேசும் கருவியைக் கையால் பொத்தினான்.

"சும்மா இரு. உண்மையச் சொன்னேன்னா பட்டுச் சாயம் போயிரும்."

அவள் அதை விட்டுவிட்டு, தன்னிடம் இருந்த வேறொரு உண்மையைச் சொன்னாள். "அக்கா, நான் நேராவே பாத்தேன்க்கா. கண்ணாலயே. அந்த நாலு நிமிசமும் உங்களையேதான் பாத்துக்கிட்டு நின்னேன்."

ஐந்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "கண்ணால பாத்து என்னத்துக்கு? போட்டோல விழுந்தாச்சுல்லா, அது போதும்."

தவமலர் ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தாள். பேச்சிமுத்து அசல் மின்கலத்தைத் துடைத்து, வெல்வெட்டில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து மூடினான்.

"அத என்னத்துக்கு இன்னும் பத்திரப்படுத்துதீய?"

"அடுத்த கண்திறப்புக்கு ஆவும்லா. ஆளாத பொருளு, புத்தம் புதுசு."

இரண்டு ஆண்டுக்குள் பயன்படுத்திவிடவும் என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவனுடைய பழைய கண்ணாடிக்கு அது தெரியவில்லை. போன வருடம் வாங்கிய புதுக் கண்ணாடி, நல்ல நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று, அவன் இப்போது அந்தப் பெட்டியை வைக்கிற அதே அலமாரியில் உறை பிரிக்காமல் இருந்தது.