வெதுவெதுப்பான சுவர்

குளிர் அறையில் மற்ற வாளிகளில் எல்லாம் ரோஜாக்கள் விறைப்பாக நிற்க, உட்சுவரை ஒட்டியிருந்த ஒரு வாளியில் மட்டும் தலை தொங்கிக் கிடந்தன. பூக்கடைக்காரி வாளியை நகர்த்திவிட்டுச் சும்மா சுவரில் கை வைத்துப் பார்த்தாள். மரத்துப்போன விரல்களுக்கு அது முதலில் இதமாகத்தான் இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் போல. பிறகுதான் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

வீட்டின் பின்னறையை அவளும் அவள் அண்ணனுமாகச் சேர்ந்துதான் குளிர் அறையாக்கியிருந்தார்கள். அண்ணன் தச்சர். செங்கல் சுவரின் மேல் தடித்த தெர்மோகோல், அதை மூடிப் பிளைவுட், குளிருக்கு ஒரு பழைய ஏசி. கணவன் வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து கடை முழுக்க அவள் தலையில்தான். இருட்டோடு எழுந்து சந்தைக்கு ஓடுவதும், வாடியதை அள்ளிக் குப்பையில் கொட்டுவதுமாக அலுத்துப் போயிருந்தாள். இந்த அறை அமைந்துவிட்டால் ஒரு நாளாவது விடிந்த பிறகு கண் விழிக்கலாம். அவ்வளவுதான் அவள் ஆசை.

"பின்னாடி ஒயர் ஏதாவது ஓடுதாண்ணா?"

"அந்தப் பக்கம் நான் ஒயரே இழுக்கலையே."

அண்ணன் பிளைவுட்டைக் கழற்றினார். அதன் முதுகு கறுத்து, ஊறிப்போயிருந்தது. துவைக்காத தலையணை வாடை குப்பென்று அடித்தது. உள்ளே தெர்மோகோலில் ஒரு குழி. யாரோ வெகுநேரம் தலை சாய்த்திருந்ததுபோல வழவழவென்று.

"எலிதான்."

"எலி கடிச்சா தூள் கிடக்குமே?"

"கிடக்கும்." அண்ணன் குழியை விரலால் தடவிப் பார்த்தார். "பிளைவுட் ஈரத்தைக் குடிக்கும்னு அப்பவே சொன்னேன்ல. பிளாஸ்டிக் ஷீட் போட்டுடலாம். துடைச்சா போச்சு."

"எதையாவது போடுண்ணா. கல்யாண ஆர்டர் தலைக்கு மேல நிக்குது."

குழியை அடைத்து, வெள்ளை ஷீட்டை ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை அது கதவோரமாக உப்பியிருந்தது. காற்று புகுந்திருக்கும் என்று உள்ளங்கையால் அழுத்தினாள். மெத்தென்று அமுங்கியது. அப்புறம் அவள் கையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மெல்ல எழும்பியது. மறுபடி இறங்கியது. தூங்குகிறவரின் வயிற்றில் கை வைத்தால் அப்படித்தான் இருக்கும்.

அண்ணனிடம் ஷீட் உப்பியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

"பசை சரியாப் பிடிக்கல. அலுமினியத் தகடு அடிச்சிடறேன். ஸ்க்ரூவை நெருக்கிப் போட்டா யானை தள்ளினாலும் அசையாது."

"உள்ளேயிருந்து தள்ளினா?"

அண்ணன் அவள் முகத்தையே பார்த்தார். "நீ ஒழுங்காத் தூங்கி எத்தனை நாளாச்சு?"

அது அவளுக்கே தெரியாது.

நான்கு சுவருக்கும் தகடு அடித்து முடிக்க மறுநாள் மதியம் ஆனது. அண்ணன் மூலைகளுக்குப் பட்டை வெட்ட முற்றத்துக்குப் போனார். அவள் கல்யாண ரோஜாக்களை ஒவ்வொரு வாளியாக உள்ளே சுமந்து வைத்தாள். குளிர் வெளியேறாமல் கதவை இழுத்து மூடியதும் ரம்பச் சத்தம் கத்தரித்தாற்போல நின்றது. ஏசியின் முனகல் மட்டும் கேட்டது. பளபளத்த தகடுகள் மெல்ல வியர்க்கத் தொடங்கின. கழுவிவிட்ட தரை ஈரமாக மினுங்கியது. ரோஜா மணத்துக்கும் புது உலோக வாடைக்கும் அடியில், அந்தத் தலையணை வாடை.

இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. தன்னை அறியாமல் உட்சுவரில் சாய்ந்தாள்.

சூடு.

உலோகம்தான். ஆனாலும் சூடு. நகர வேண்டும் என்று தெரிந்தது. கால்கள் கேட்கவில்லை. இத்தனை மாத வலியை யாரோ கை வைத்து எடுப்பதுபோல இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் என்று கண்ணை மூடினாள். இதம் இடுப்பிலிருந்து முதுகுக்கும் முதுகிலிருந்து தோளுக்கும் ஏறியது. சரியாக அவள் அகலத்துக்கு. பிறகு அவள் பின்னந்தலைக்கு அடியில் தகடு உள்வாங்கியது. எழும்பியது. ஒரு ஸ்க்ரூ கழன்று தரையில் விழுந்தது.

இன்னொன்று.

துள்ளி விலகினாள். திரும்பினாள்.

அவள் சாய்ந்த இடத்தில் தகட்டின் வியர்வை காய்ந்திருந்தது. தலை. தோள். இடுப்பு. தன் உருவம்தான் என்று மனசைத் தேற்றப் பார்த்தாள். ஆனால் தலைக்கு இரு பக்கமும் விரல் விரித்த இரண்டு உள்ளங்கைகளும் இருந்தன. அவள் கையைத் தூக்கவே இல்லை. அந்தத் தலையும் அவள் தலையைவிட ஒரு முழம் உயரத்தில் இருந்தது.

"அண்ணா!"

தெர்மோகோல் குரலை விழுங்கியது. இன்னும் உரக்கக் கத்தினாள். ஏசி முனகியது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தகட்டில் மறுபடி துளிகள் அரும்பின. கைகள் மங்கின. தோள் மங்கியது. எல்லாம் மறைந்தது. விரல் நுனியால் தொட்டாள். சில்லென்றிருந்தது. சுவர் முழுக்கத் தடவினாள். எங்கும் சில்லென்றிருந்தது.

போய்விட்டது. மூச்சு விட்டாள்.

கதவுக்கு அருகே இருந்த வாளியில் ஒரு ரோஜா தலை சாய்ந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது.

சுவரில் எதுவும் இல்லை. தரையைப் பார்த்தாள். அவளுக்கும் கதவுக்கும் நடுவே, ஈரம் ஒரு பாதம் அளவுக்கு உலர்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு பாதம்.

குதிகால் கதவுப் பக்கம்.

விரல்கள் அவள் பக்கம்.