கடி மேல் கடி

டாக்டர் வழக்கம்போல் "திற" என்றாள். நர்ஸ் இடுக்கியின் பிடியை அழுத்துவதற்கு ஒரு நொடி முன்பே, மானிட்டரில் தெரிந்த, இரைப்பைச் சுவரில் அவள் தோண்டியிருந்த அந்தக் குழி தன் ஓரங்களை லேசாக விரித்துக்கொண்டது. வயிறு என்றால் அசையும், அசையாத வயிறு பிணத்தின் வயிறு என்று எத்தனை மாணவர்களிடம் இவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேசையில் இடப்பக்கம் ஒருக்களித்து, பற்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையமும் அதன் வழியே வயிற்றுக்குள் இறங்கிய கேமராக் குழாயுமாக மயக்க ஊசியில் கிடந்தது அவளுடைய சொந்தத் தங்கை. வைத்த பெயர் என்னவாக இருந்தாலும் வீட்டில் அவள் பொடிசுதான். வெளியே மத்தியான வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, மானிட்டர் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக இந்த அறையில் மட்டும் எப்போதும் கறுப்புத் துணி தொங்கும். கருவி கழுவும் மருந்தின் நெடி, தொண்டையிலிருந்து எச்சிலை இழுக்கும் குழாயின் உறிஞ்சல், ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒரு முறை கூவும் மெஷின் எல்லாம் சேர்ந்து அந்த இருட்டுக்கு ஒரு உடம்பைக் கொடுத்திருந்தன. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் அந்த மெஷினின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போகும். டாக்டர் அதைக் கண்ணால் பார்ப்பதே இல்லை, காதுக்கே பழகிப்போனது.

பொடிசின் இரைப்பையில் இருந்தது அபூர்வமான கட்டியோ என்று சந்தேகம். அந்த வகைக் கட்டி மேலே முளைக்காது, உள்தோலுக்கு அடியில், தசைக்குள் பதுங்கிக்கொண்டு மேலே ஒரு வழவழப்பான மேட்டை மட்டும் காட்டும். இடுக்கியால் சும்மா ஒரு கடி எடுத்தால் தோல்தான் வரும். ஆகவே கடித்த இடத்திலேயே திரும்பவும் கடித்து, கிணறு தோண்டுவதுபோல் இறங்கவேண்டும். தொழிலில் அதற்குக் கடி மேல் கடி என்று பேர். ஊசி குத்தி உறிஞ்சிப் பார்த்தும் வெறும் ரத்தம்தான் வந்தது. போன முறை தோண்டியதற்கும், அதற்கு முந்தைய முறைக்கும், சதை போதவில்லை என்று லேப் கையை விரித்துவிட்டது.

இன்று சதை கிடைத்தால், அது அந்த வகைதான் என்று உறுதியானால், மாத்திரையிலேயே கட்டி சுருங்கிவிடும். கிடைக்காவிட்டால் சர்ஜன் காத்திருக்கமாட்டார். கட்டி உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி, இரைப்பை முழுவதையும் எடுத்துவிடுவார். சாப்பாடு என்றால் உயிரை விடுகிற பொடிசு மிச்ச வாழ்நாளைக் கரண்டிக் கணக்கில் விழுங்கிக் கழிக்கவேண்டியதுதான்.

"திரும்பவும் அதே இடத்துலயா டாக்டர்?" என்று நர்ஸ் தொடங்கும்போதே கேட்டிருந்தாள். "கிணறு வெட்டப் பூதம் கெளம்பின கதையா ஆயிடப் போகுது."

"பூதம் வந்தா அதையும் டப்பால போட்டு லேபுக்கு அனுப்பு."

பொடிசும் கெஞ்சத்தான் செய்தாள்.

"அக்கா, இன்னிக்கு வேண்டாமே. டிவில யாராவது கதவைத் திறன்னு சொன்னாக்கூட உள்ள என்னமோ புரளுதுக்கா."

"ஏன், உன் கட்டிக்குக் காது மொளைச்சிடுச்சா?"

"நெஜமா சொல்றேன். அது கேக்குது."

"வாயை மூடிட்டுப் படுடி" என்று கையைத் தட்டிவிட்டு ஊசியைப் போட்டாள். பாசம் இல்லாமல் இல்லை. பாசத்தையும் அதட்டலாகவே காட்டத் தெரிந்த ஜென்மம் அது.

"மூடு" என்றாள் இப்போது. இடுக்கி மூடிக்கொண்டது. குழியும் மூடிக்கொண்டது.

நர்ஸ் மானிட்டரைப் பார்த்தாள், பிறகு டாக்டரைப் பார்த்தாள். பிடியிலிருந்து கையை எடுக்கும்படி டாக்டர் சைகை காட்டினாள். எடுத்தாள்.

"திற."

இடுக்கி அப்படியே கிடந்தது. குழி மட்டும் திறந்தது. ஓரங்கள் நன்றாகவே விலகின. உள்ளே சீழ் இல்லை, ரத்தம் இல்லை. சோற்றுக்கு அண்ணாந்திருக்கும் குழந்தையின் வாய்போலச் சுத்தமாக, ஈரமாக, இளஞ்சிவப்பாக இருந்தது.

குழாயை அப்போதே உருவியிருக்கலாம். ஆனால் அந்த வாய்க்கு அடியில், இத்தனை நாள் கைக்கு எட்டாமல் ஒளிந்திருந்த வெளுத்த சதை கண்ணெதிரே பளபளத்தது. ஒரே ஒரு கடி. கிணற்றில் பாதியைத் தாண்டிவிட்டு யாராவது நிற்பார்களா? பயம் இருந்தது, பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. நர்ஸின் கையைப் பிடியில் திரும்ப வைத்து, இடுக்கியை ஆழமாக இறக்கினாள்.

"மூடு" என்றாள், பழக்கத்தில். இடுக்கி சதையைக் கவ்வியது.

மெஷினின் குரல் ஒரு படி இறங்கியது.

குழாயை உருவினாள். அது தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. இடுக்கியின் நுனியில் சதை இருந்தது. நல்ல சதை, போதுமான சதை. நர்ஸ் அதை டப்பாவில் உதறினாள்.

"டாக்டர், மூச்சு இல்ல."

முகமூடி. காற்றுப் பை. அமுக்கினாள், காற்று போகவில்லை. மயக்கத்தை முறிக்கும் ஊசி. ஒன்றும் நடக்கவில்லை. குரல் இன்னும் தடித்தது. பொடிசின் உதடு நீலம் பூத்தது. பற்கள் வளையத்தை நறநறவென்று இறுக்கின.

"மயக்க டாக்டரைக் கூப்பிடு. ஓடு."

நர்ஸ் ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

தாடையை இரு கையாலும் பிடித்து இழுத்தாள். கல். "பொடிசு, வாயைத் திறம்மா. திற."

மூச்சு வந்தது.

நெஞ்சு ஏறி இறங்கியது. ஒரே ஒரு மூச்சு. அதோடு நின்றது.

"மூச்சு விடுடி." நின்றபடியே இருந்தது. "எழுந்திரு. அக்கா சொல்றேன்ல, எழுந்திரு." அசைவில்லை. குரல் தடித்துக்கொண்டே போனது. அவளுக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"திற."

மூச்சு.

"திற."

மூச்சு. பொடிசின் மேல் போர்த்தியிருந்த துணி நழுவியது. விலாவுக்குக் கீழே, வயிற்றில், நூல் போல ஒரு கோடு. நகம் பட்ட கீறலாக இருக்கும் என்று நினைத்தாள். நினைக்க விரும்பினாள்.

"திற."

கோடு விலகியது. ரத்தம் வரவில்லை. ஈரம் மட்டும்.

"மூடு" என்று சொன்னால் அது மூடிவிடும். தொண்டையும் மூடிவிடும். நடைக்கூடத்தில் காலடியே கேட்கவில்லை. அவள் அழுதாள். அழுதுகொண்டே உள்ளங்கையை அந்தக் கோட்டின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, வாயைத் தங்கையின் காதோரம் கொண்டுபோனாள்.

"திற."

பொடிசு மூச்சு விட்டாள். உள்ளங்கையில் வெதுவெதுப்பான காற்று பட்டது.

"திற."

கைக்கு அடியில் அந்தக் கோட்டின் உதடுகள் அகன்றன. விரல்களை ஒவ்வொன்றாகத் தேடி, மெதுவாக, வலிக்காமல் உள்ளே வாங்கிக்கொண்டன. மணிக்கட்டு வரைக்கும் வாங்கிக்கொண்டு, அடுத்த சொல்லுக்காக அசையாமல் நின்றன.

மெஷினின் குரல் மறுபடி இறங்கத் தொடங்கியது.

"திற" என்றாள் அக்கா.